ஸ்டெர்ன்டிரைவ் படகில் எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது: எதை வைத்து நேர் பார்ப்பது?

படகிலிருந்து எஞ்சினை வெளியே எடுப்பது ஒரு நாள் வேலை. திரும்ப உள்ளே இறக்குவதும் ஒரு நாள் வேலைதான். இறக்கிய எஞ்சின் சரியான கோட்டில் அமர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்ய எத்தனை நாள் ஆகும் என்பது, அதை எதை வைத்துப் பார்க்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. கானாத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில், டிரெய்லர் மேல் நின்ற எங்கள் இருபதடி ஃபைபர் படகுக்கு நேரே செயின் பிளாக்கில் 4.3 லிட்டர் வி6 மெர்குரூசர் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தபோது, எனக்கும் படகில் பாதிப் பங்கு வைத்திருக்கும் என் மைத்துனருக்கும் இடையே எழுந்த விவாதம் இதுதான். எஞ்சினின் சுழற்சியை டிரைவின் ஷாஃப்டுக்குக் கடத்தும் இணைப்பான கப்ளர் உதிர்ந்துபோனதால் எஞ்சினை எடுத்தோம். புதிய கப்ளர் வாங்கியாயிற்று. பழைய கப்ளர் ஏன் உதிர்ந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல் புதியதை இறக்கினால், அதுவும் அதே வழியில் போகும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

எங்கள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடுவதற்கு முன், எதை எதனோடு நேர்ப்படுத்துகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எஞ்சினையும் டிரைவையும் அலைன் செய்வதாகவே எல்லோரும் பேசுகிறோம். கையேடு படிக்காத காலத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். உண்மையில் டிரைவுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்குள்ளும், காற்றாடியைச் சுமக்கும் டிரைவ் அமரத்துக்கு வெளியிலும் இருக்கின்றன. இந்த அமைப்பை 1959-இல் வோல்வோ பென்டா நிறுவனம் அக்வாமேட்டிக் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1961-இல் மெர்குரூசர் வந்தது. டிரைவ் பக்கவாட்டில் திரும்பவும் மேலே தூக்கவும் வேண்டியிருப்பதால், அதன் ஷாஃப்டில் லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருப்பது போன்ற குறுக்கு ஜாயின்ட்டுகள் இரண்டு உள்ளன. அந்த ஜாயின்ட்டுகளுக்கு முன்னால், டிரான்சம் எனப்படும் பின்சுவரில் பூட்டிய வார்ப்பின் நடுவே கிம்பல் பேரிங் இருக்கிறது. ஷாஃப்டின் முன்பகுதி அந்தப் பேரிங்குக்குள் நுழைந்து, எஞ்சினின் ஃபிளைவீலில் பூட்டிய கப்ளரின் பற்களுக்குள் போய் உட்காருகிறது. ஆகவே ஒரே கோட்டில் இருக்க வேண்டியவை இரண்டுதான்: கிம்பல் பேரிங்கின் மையமும் கப்ளரின் மையமும். ஜாயின்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் டிரைவ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கோடு மாறாது.

பேரிங் டிரான்சமில் நிலையாக இருக்கிறது. எஞ்சினின் பின்பக்கம், டிரான்சத்தின் உட்புறத் தட்டில் உள்ள இரண்டு மவுண்ட்டுகளில் போல்ட் போட்டு நிற்கிறது. நம் கையில் மிச்சமிருப்பது முன்பக்கத்து மவுண்ட்டுகள் மட்டுமே. அவற்றின் நட்டுகளைத் திருகி எஞ்சினின் முன்தலையை உயர்த்தலாம், தாழ்த்தலாம், அடித்தளத்துத் துளை நீளவாக்கில் இருந்தால் சற்றே பக்கவாட்டிலும் நகர்த்தலாம். கப்ளரில் அலுமினிய நடுப்பகுதியையும் வெளிவளையத்தையும் ரப்பர்தான் இணைக்கிறது. கோடு விலகியிருந்தால் ஷாஃப்ட் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ரப்பர் ஒருமுறை இழுபட்டு மீள்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 முறை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விலகல் ஒரே பருவத்தில் கப்ளரை முடித்துவிடுவதும், கிம்பல் பேரிங் படகைத் திருப்பும்போது உறுமத் தொடங்குவதும் இதனால்தான். பேரிங்கை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். கப்ளரை மாற்ற எஞ்சினையே மறுபடி தூக்க வேண்டும்.

சென்னையில் படகு எஞ்சின் அலைன்மென்ட் என்றவுடன் நினைவுக்கு வருவது காசிமேடு. அங்கே விசைப்படகுகளில் டீசல் எஞ்சினைத் திரும்ப வைக்கும் மெக்கானிக்குகள் கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சையும் ஷாஃப்ட் ஃபிளாஞ்சையும் எதிரெதிரே கொண்டுவந்து, நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகி இடைவெளியைப் பார்க்கிறார்கள். நான்கங்குல ஃபிளாஞ்சில் மேலுக்கும் கீழுக்கும் இடையே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்பது அந்த வேலையின் பொதுக்கணக்கு. படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் உடல் சற்றே வடிவம் மாறும் என்பதால் மிதக்கவிட்டபின் இன்னொருமுறை பார்ப்பதும் வழக்கம். அந்தக் கைகளின் நுணுக்கத்தில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த முறையை ஸ்டெர்ன்டிரைவுக்குக் கொண்டுவர இயலாது, ஏனென்றால் கேஜ் செருகுவதற்கு எதிரெதிரான இரண்டு முகங்களே இங்கு இல்லை. கப்ளர் ஃபிளைவீல் ஹவுஸிங்குக்குள் மறைந்திருக்கிறது. அதற்கு எதிரே இருப்பது ஒரு பேரிங்கின் துளை. கண்ணுக்கும் கேஜுக்கும் எட்டாத ஒரு நேர்கோட்டை வேறு எதைக்கொண்டாவது தொட்டுப் பார்க்க வேண்டும்.

என் மைத்துனர் முதலில் முன்வைத்தது எதையும் தொடாமல் விடும் வழி. எஞ்சினைக் கழற்றும்போது முன் மவுண்ட்டுகளின் நட்டுகளை அசைக்கவில்லை, மவுண்ட்டுகளின் இடத்தைப் பெயின்டால் குறித்தும் வைத்திருந்தோம். ஆகவே அதே குறியில் இறக்கினால் அதே நேர்கோடு திரும்பிவிடும் என்பது அவர் வாதம். செலவு சிறிதும் இல்லாத வழி, மேலும் முற்றிலும் பொய்யான வாதமும் அல்ல: தொடக்கப்புள்ளியாக அந்தக் குறிகள் மிகவும் பயன்பட்டன, அவற்றில் இறக்கியபோது எஞ்சின் ஏறத்தாழ சரியான இடத்தில்தான் நின்றது. இடறுவது அந்த "ஏறத்தாழ" என்ற சொல்லில்தான். பின் மவுண்ட்டுகளுக்கு அடியில் ஃபைபர் வாஷரும் அதற்குள் இரட்டைச் சுற்று ஸ்பிரிங் வாஷரும் இருக்கின்றன; பல ஆண்டு எடையில் நசுங்கிய பழைய ஃபைபர் வாஷரை எடுத்துப் புதியதைப் போட்டாலே பின்பக்கத்தின் உயரம் மாறிவிடுகிறது. முன் மவுண்ட்டின் ரப்பரும் காலத்தில் அமுங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நிலைதான் பழைய கப்ளரைத் தின்றது என்ற சந்தேகம் இருக்கும்போது அந்த நிலைக்கே திரும்பிப் போவதில் என்ன பொருள்? குறிகள் வேண்டும், ஆனால் குறிகளை மட்டும் நம்பி வேலையை முடிக்கக்கூடாது என்ற இடத்துக்கு அவரும் வந்தார்.

அடுத்த வழி, கருவியே இல்லாமல் டிரைவையே கருவியாகப் பயன்படுத்துவது. இதைப் பலர் செய்கிறார்கள், செய்துவிட்டுப் படகு ஓடுவதையும் பார்க்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சினை இறக்கி, டிரைவைத் தூக்கி, அதன் ஷாஃப்டைப் பேரிங் வழியாகச் செலுத்தி, கப்ளரின் பற்களில் நுழைகிறதா என்று பார்ப்பது. நுழையவில்லை என்றால் எஞ்சினின் முன்தலையை ஏற்றியோ இறக்கியோ மறுபடி முயல்வது. நுழைந்துவிட்டால் நேர் என்று கொள்வது. இதில் மறைந்திருக்கும் பிழை மூன்று இடங்களில் இருக்கிறது.

ஷாஃப்டில் குறுக்கு ஜாயின்ட்டுகள் இருப்பதால் அதன் முன்முனை தளர்வாக ஆடக்கூடியது. கோடு விலகியிருந்தாலும் அது தன் வழியைத் தேடி உள்ளே போய்விடும். கிம்பல் பேரிங்கின் வெளிவளையம் கோள வடிவில் இருப்பதால் பேரிங்கும் சாய்ந்துகொடுக்கும். சாயும் தன்மை அதற்கு உண்டு, ஆனால் அதன் மையம் நகராது என்பதால், அந்தச் சாய்வு விலகலை மறைக்கிறதே தவிரச் சரிசெய்வதில்லை. இவை இரண்டையும்விட மோசமானது மூன்றாவது. டிரைவ் ஒரு விரற்கடை மிச்சமிருக்க நின்றுவிட்டால், டிரான்சம் வார்ப்பில் உள்ள ஆறு ஸ்டட்களிலும் நட்டைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் அது தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. ஆறு நட்டுகளின் இழுவிசையில் எதுதான் உள்ளே வராது? வந்த பிறகு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். உள்ளே ரப்பர் வளைந்த நிலையில் தன் 1,80,000-ஐ எண்ணத் தொடங்கியிருக்கும்.

டிரைவின் எடையும் இங்கே எதிரி. ஸ்டாண்டில் வைத்தோ இரண்டு பேர் தாங்கியோ தள்ளும் ஒரு பளுவில், மெல்லிய தடையை விரல்களால் உணர இயலாது. உள்ளே போனதும் போகாததும் மட்டுமே தெரியும். எளிதாகப் போனதா, உரசிக்கொண்டு போனதா என்பது தெரியாது. அலைன்மென்ட் என்பதோ அந்த இரண்டாவது கேள்விக்கான விடைதான். ஆகவே இந்த வழியை நான் இலவச வழி என்று சொல்லமாட்டேன். அதன் விலை பின்னால் வருகிறது, கப்ளராகவும், எஞ்சினை மறுபடி தூக்கும் கூலியாகவும்.

எனவே ராடு. மெர்குரூசர் கையேடுகள் சொல்லும் முறையும் இதுதான்: ஒரு முனை கப்ளரின் பற்களுக்குள் போகும் அளவிலும், நடுப்பகுதி கிம்பல் பேரிங்கில் போகும் அளவிலும் கடைந்த நேரான எஃகு ராடு. டிரைவ் இல்லாத நிலையில் அதை வெளியிலிருந்து பேரிங் வழியாகச் செலுத்தினால், இரண்டு விரல்களின் பிடியில் தடையின்றி உள்ளே போய், அதே எளிமையில் வெளியே வரவேண்டும். வலிந்து தள்ளக்கூடாது. ராடைச் செலுத்துவதற்கு முன் பேரிங்கையே நேராக்க வேண்டும், ஏனென்றால் அது எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று தெரியாது. ராடு பேரிங்கில் இருக்கும்போது அதன் வெளிமுனையை நான்கு பக்கமும் ரப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பேரிங் தன் இடத்துக்கு வருகிறது. பேரிங்கை நேராக்கத்தான் அந்தத் தட்டு. எஞ்சினை நகர்த்துவதற்காக ராடை அடித்தால் ராடு வளையும், வளைந்த ராடு அதன்பிறகு பொய் சொல்லும்.

ராடு எளிதாகப் போனபிறகும் வேலை முடியவில்லை. அதன் முனையில் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவி உள்ளே செலுத்தி, சுழற்றாமல் நேராக வெளியே எடுத்தால், கப்ளரின் பற்கள் கிரீஸில் கோடுகளாகப் பதிந்திருக்கும். சுற்றிலும் ஒரே சீரான பதிவு என்றால் மையம் பொருந்தியிருக்கிறது. மேற்புறத்தில் மட்டுமோ கீழ்ப்புறத்தில் மட்டுமோ பதிவு என்றால் உயரம் பொருந்தவில்லை; பக்கத்தில் மட்டும் என்றால் எஞ்சின் பக்கவாட்டில் விலகியிருக்கிறது. நுனியில் ஒரு புறமும் சற்று உள்ளே எதிர்ப்புறமும் பதிந்திருந்தால் உயரம் சரி, கோணம் சரியில்லை. எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுக் குழம்புவதைவிட, இரண்டு முன் மவுண்ட்டுகளின் நட்டுகளையும் ஒரே அளவில், கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி, பதிவு கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதே எங்களுக்குக் கைகொடுத்தது. பிறகு கிராங்கை 90 பாகை திருப்பி மறுபடி. அதுபோல் நான்கு நிலைகளில். ஒரு நிலையில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் வந்தால் குறை எஞ்சின் நிற்கும் இடத்தில் இல்லை, கப்ளரே ஃபிளைவீலில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். டிரைவை வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் தெரியவராது.

ராடு என்று முடிவானபின், எந்த ராடு என்ற கேள்வி. அசல் நிறுவனத்து ராடின் அளவுகளில் ஐயப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது கூரியர் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து பொருளின் விலையோடு போட்டியிடும், எஞ்சின் அதுவரை செயின் பிளாக்கில் தொங்கும். பல பிராண்டுகளுக்கும் பொதுவானது என்று விற்கப்படும் மலிவான ராடுகள் இன்னொரு வகை: ஒரு முனை மெர்குரூசருக்கு, மறுமுனை வேறொரு டிரைவுக்கு. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் வாங்கியவுடன் அதன் நேர்மையை நாமே சோதிக்க வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும், பேரிங்கில் செருகிப் பார்த்தால் தளர்வு தெரியும். பேரிங்கில் கடகடவென ஆடும் ராடு எந்த எஞ்சினையும் நேராக இருப்பதாகவே காட்டும்.

சென்னையில் இருப்பவருக்கு இந்த இரண்டையும்விட நல்ல வழி லேத் பட்டறை என்பது என் முடிவு. அசல் ராடின் முனையில் பற்கள் வெட்டப்பட்டிருக்கவில்லை, அது வழவழப்பான உருளை. கிரீஸில் பற்களின் தடம் விழுவதே அதனால்தான். பற்கள் தேவைப்பட்டிருந்தால் கியர் வெட்டுபவரைத் தேடவேண்டும், செலவு வேறு. வெறும் உருளை என்றால் அம்பத்தூரிலும் கிண்டியிலும் உள்ள எந்த நல்ல லேத்காரரும் அரை நாளில் கடைந்து தருவார். இதற்கு வேண்டியவை இரண்டு விட்டங்கள்: கிம்பல் பேரிங்கின் உள்விட்டம், கப்ளரில் எதிரெதிர்ப் பற்களின் நுனிகளுக்கு இடையேயான விட்டம். இவற்றை எங்கோ படித்த எண்ணிலிருந்து எடுக்காமல் கையிலுள்ள பொருளிலிருந்தே அளக்க வேண்டும். புதிய பேரிங்கையும், எஞ்சினில் பூட்டுவதற்கு முன்பே புதிய கப்ளரையும் பையில் போட்டு நேராகப் பட்டறைக்கு எடுத்துப் போனது நாங்கள் இந்த வேலையில் செய்த மிகச் சரியான காரியம்.

அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் கப்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல லோடு எங்க சார் வருது?" என்றார்.

"லோடே வராதுண்ணே. நேர் பார்க்க மட்டும்தான்."

"அப்ப ரெண்டு டயாவும் ஒரே சென்டர்ல இருக்கணும், அவ்வளவுதானே. ஒரே செட்டிங்ல ஓட்டிடுறேன்."

ஒரு வாக்கியத்தில் அவர் இந்த வேலையின் சாரத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு விட்டங்களையும் ராடை ஒருமுறைகூடக் கழற்றாமல், இரு சென்டர்களுக்கு நடுவே ஒரே பிடிப்பில் கடைய வேண்டும். பாதி கடைந்து, கழற்றி, திருப்பிச் சக்கில் பிடித்து மீதியைக் கடைந்தால் இரண்டு மையங்களும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. இஎன்8 எஃகில் ஒரு கம்பியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு இடங்களிலும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி விடும்படி சொன்னோம். பேரிங் பகுதியில் அது சரியாக அமைந்தது, கப்ளர் முனையை எமரித்தாளால் இன்னும் ஒரு துளி தேய்க்க வேண்டியிருந்தது. முனையின் ஓரத்தைச் சற்றே சாய்வாகக் கடைந்து தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கூர்மையான விளிம்பு கப்ளரின் பற்களைக் கீறும். நீளம், பேரிங்கின் வெளிமுகத்திலிருந்து கப்ளரின் அடிவரை உள்ள தூரத்தோடு கையால் பிடிக்க ஒரு சாண் கூடுதலாக இருந்தால் போதும். அதிக நீளம் வைத்தால் வெளிமுனையின் எடை ராடைக் கீழே இழுத்து விரலின் உணர்வைக் கெடுக்கும். முடிந்ததும் டயல் கேஜ் வைத்து நம் கண்முன்னே சுழற்றிக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. எங்களுக்கு அவரே கேட்காமல் காட்டினார்.

இரும்புக்குழாயையோ தேக்குக் கட்டையையோ அந்த அளவுக்குச் செதுக்கிப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குழாய் வட்டமாக இருப்பதுபோல் தோன்றும், அளந்தால் இருக்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. உடைந்த பழைய டிரைவிலிருந்து எடுத்த ஷாஃப்டின் முன்பகுதியில் கம்பியை வெல்டிங் செய்து ராடாக்குவது அவற்றைவிடப் புத்திசாலித்தனமான யோசனை, ஏனென்றால் அளவுகள் எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. ஆனால் வெல்டிங்கின் சூடு எஃகை இழுத்துவிடுவதால் அதையும் பிறகு சென்டரில் ஓட்டிப் பார்க்கவே வேண்டும், பற்கள் இருப்பதால் கிரீஸ் சோதனையும் சரியாக அமையாது.

ராடைச் சொந்தமாக வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் என்னைப் பொறுத்தவரை எடை கூடியது. அலைன்மென்ட் ஒருமுறை பார்த்து மறக்கும் காரியம் அல்ல. ஆண்டுக்கொருமுறை டிரைவைக் கழற்றி, தண்ணீர் உள்ளே புகாமல் ஷாஃப்டைச் சுற்றி மூடியிருக்கும் ரப்பர் உறையான பெல்லோஸையும் குறுக்கு ஜாயின்ட்டுகளையும் பார்க்கும்போது அலைன்மென்ட்டையும் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். உப்புத்தண்ணீரில் கிடக்கும் படகுக்கு அந்த ஆண்டுப் பராமரிப்பு தள்ளிப்போட முடியாதது. பெல்லோஸில் ஒரு சிறு கிழிசல் வழியே நுழையும் கடல்நீர் கிம்பல் பேரிங்கைச் சில வாரங்களில் துருவாக்கிவிடும். முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் மணல் திட்டு எழும்பும் நாட்களில் டிரைவ் ஓரிரு முறையாவது தரை தட்டாமல் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராடு கையில் இருந்தால் டிரைவ் கழன்றிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

மெக்கானிக்கிடம் ஒப்படைக்கும் வழியைக் கடைசியில் வைத்தது அதைக் குறைவாக மதிப்பதால் அல்ல. எஞ்சினை இதற்கு முன் ஒருமுறையும் தூக்காதவர், டிரைவையும் சேர்த்தால் நானூறு கிலோவை நெருங்கும் பளுவை முதன்முதலாகத் தன் கொட்டகையில் தூக்கவேண்டியதில்லை. ஆனால் சென்னையில் படகு மெக்கானிக்குகள் பெரும்பாலும் வெளியே மாட்டும் மோட்டார்களிலும் விசைப்படகு டீசல்களிலும் தேர்ந்தவர்கள். ஸ்டெர்ன்டிரைவ் பூட்டிய படகுகள் இங்கே குறைவு என்பதால் அந்தப் பழக்கம் உள்ளவர்களும் குறைவு. நாங்கள் அழைத்த ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் அபாரமானவர். அவரிடம் ராடு இல்லை. டிரைவை ஏற்றி நட்டை இறுக்கினால் வந்துவிடும் என்றார். அவரிடம் தூக்கும் வேலையையும் எண்ணெய்க் குழாய், குளிர்நீர் இணைப்புகளையும் ஒப்படைத்துவிட்டு, நேர் பார்ப்பதை மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டோம். இப்படிப் பிரித்துக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒப்படைப்பதானால், "ராடு இருக்கிறதா, எந்த டிரைவுக்கானது" என்ற ஒரே கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். விடை தயங்கினால், நீங்களே கடைந்த ராடை அவர் கையில் கொடுத்து, கிரீஸில் பதிந்த தடத்தை உங்களுக்குக் காட்டும்படி கேட்கலாம்.

இதுவரை சொன்னது மெர்குரூசர் வகை அமைப்புக்குப் பொருந்தும். வோல்வோவின் எஸ்எக்ஸ் வகை டிரைவுகளுக்கும் ராடு உண்டு, விட்டங்கள் வேறு. பழைய வோல்வோ அக்வாமேட்டிக்குகளில் ஃபிளைவீல் ஹவுஸிங்கின் கழுத்தே ரப்பர் வளையத்தோடு டிரான்சம் வார்ப்பில் அமர்வதால் முறையே மாறுகிறது; அவற்றுக்கு இந்தக் கட்டுரையை நம்பி லேத்துக்குப் போகவேண்டாம்.

படகைத் தரையில் வைத்துப் பார்ப்பதா, தண்ணீரில் வைத்தா என்ற கேள்விக்கு இங்கே அதிக இடம் இல்லை. டிரைவ் இல்லாமல் படகை மிதக்கவிட்டு வெளியிலிருந்து ராடைச் செலுத்துவது நடைமுறையில் இயலாது. டிரெய்லரின் உருளை ஒன்று எஞ்சின் நிற்கும் நீளக்கட்டைக்கு நேர் கீழே தனியாக அழுத்திக்கொண்டிருக்கவில்லை, படகின் அடிப்பாகம் பரவலாகத் தாங்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும். அந்த நீளக்கட்டைகளையே ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஃபைபருக்குள் ஈரம் புகுந்து மரம் மக்கியிருந்தால் இன்று நேராக வைத்த எஞ்சின் அடுத்த ஐப்பசி மழைக்குள் இறங்கியிருக்கும், எந்த ராடும் அதைத் தடுக்காது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சென்னைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன, காசிமேட்டைச் சுற்றியுள்ள லேத்துகளும் மெக்கானிக்குகளும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். நம் விளையாட்டுப் படகின் ராடு அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும், நிற்கவும் வேண்டும். அது அவர்களின் பிழைப்பு. மாசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ வேலையை வைத்துக்கொண்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நாங்கள் மாசியில் வைத்துக்கொண்டோம்.

ராடு எளிதாகப் போகிறது என்றதும் மைத்துனர் செயின் பிளாக்கை முழுவதும் தளர்த்தினார். மறுபடி செலுத்தியபோது ராடு பாதியில் நின்றது. எஞ்சினின் முழு எடை மவுண்ட்டுகளில் இறங்காதவரை எந்த அளவும் செல்லாது என்பதைக் கையேடு சொல்லியிருந்தும் நாங்கள் மறந்திருந்தோம். முன் நட்டுகளை ஒரு சுற்றும் கால் சுற்றும் ஏற்றியபின் சரியானது. பின் மவுண்ட் போல்ட்டுகளை ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியபின் ஒருமுறை, முன் மவுண்ட்டுகளின் பூட்டு நட்டுகளை இறுக்கியபின் ஒருமுறை எனத் திரும்பவும் பார்த்தோம். பூட்டு நட்டை இறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பானரால் அசையாமல் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் கூடவே திரும்பி உயரத்தை மாற்றிவிடும். நான்கு நிலைகளிலும் கிரீஸ் சுற்றிலும் சீராகப் பதிந்தது. ராடு இப்போது எண்ணெய் நனைத்த துணியில் சுற்றி, இருபுறமும் மூடி போட்ட பிவிசி குழாய்க்குள், கொட்டகைச் சுவரில் படுக்கைவாக்கில் இருக்கிறது. சாய்த்து நிறுத்தினால் யாராவது தட்டி விழவைப்பார்கள்.